கணக்கில் கழிந்தது, கைக்கு வரவில்லை

அப்பாவின் பென்ஷன் கணக்கிலிருந்து எடுக்கப் போன 10,000 ரூபாய் ஏடிஎம்முக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. அதை மீட்ட கதை இது. மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் இருந்த அந்த மெஷின் எங்கள் வங்கியுடையது அல்ல. காவலாளியும் இல்லை. நோட்டு எண்ணும் சத்தம் நன்றாகவே கேட்டது, ஷட்டர் மட்டும் திறக்கவில்லை. அதற்குள் பணம் எடுத்ததாக அப்பாவின் போனுக்கு எஸ்எம்எஸ் வந்துவிட்டது.

வெளியே நின்றிருந்த ஓர் இளைஞர் கதவைத் திறந்து, "அண்ணே, இந்த மெஷின் இப்படித்தான். பணம் தானா அக்கவுண்ட்டுக்குத் திரும்பிடும். எதிர்த்தாப்ல இன்னொண்ணு இருக்கு, அங்க போங்க" என்றார்.

நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் இடத்தை விட்டு நகரவே கூடாது. நோட்டு வரும் வாயில் தகடோ பட்டையோ ஒட்டி உள்ளேயே தடுத்துவைத்து, நாம் சலித்துப்போய்க் கிளம்பியதும் வந்து உருவிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. 2021 ஜூனில் ஹரியானா கும்பல் ஒன்று சென்னையில் பணம் போடவும் எடுக்கவும் முடிகிற மெஷின்களில் கைவரிசை காட்டியது நினைவிருக்கலாம். ஷட்டரை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு நோட்டை எடுத்துவிடுவார்கள். கைக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்று மெஷின் பதிவு செய்துகொள்வதால், அவர்கள் கணக்கில் அது கழியாது. அதில் போனது வங்கியின் பணம். தகடு ஒட்டினால் போவது நம்முடையது.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க தம்பி, முடிச்சிட்டு வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு, ஷட்டரின் விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மெஷின் கோளாறுதான். கார்டு திரும்பி வந்தது, ஸ்லிப்பும் வந்தது. ஸ்லிப்பை அங்கேயே போட்டோ எடுத்தேன். அந்த எழுத்து நாளடைவில் வெளுத்துவிடும். மெஷினின் நம்பர், பணம் எடுத்த நேரம், ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

சுவரில் உதவி எண் என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதைத் தொடவில்லை. யார் வேண்டுமானாலும் ஒட்டிவிட்டுப் போகலாம். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அங்கிருந்தபடியே பேசி, புகார் எண் வாங்கிய பிறகுதான் வெளியே வந்தோம்.

கிளம்பும்போது அப்பா கேன்சல் பட்டனை இரண்டு தடவை அழுத்தினார். அப்படிச் செய்தால் பின் நம்பரைத் திருட முடியாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அது பொய் என்று மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி எப்போதோ சொல்லிவிட்டது. அழுத்துவதால் நஷ்டமில்லை, அழுத்தினால் போதும் என்று கீபேடைக் கையால் மறைக்காமல் விட்டால்தான் நஷ்டம்.

சரி, புகார் யாரிடம்? மெஷின் எந்த வங்கியுடையதாக இருந்தாலும், கார்டு கொடுத்த வங்கியிடம்தான். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, கணக்கில் கழிந்து கைக்கு வராத பணத்தை, எடுக்க முயன்ற நாளிலிருந்து 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

திரும்பவில்லை. விசாரித்தபோது பிராஞ்ச்சில், "சிஸ்டத்துல சக்சஸ்னு காட்டுது சார், நீங்க பணம் எடுத்துட்டீங்க" என்றார்கள். புகாரையும் முடித்துவைத்துவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும் என்பதால் எழுதிக் கொடுத்தேன். நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். கேட்டது மூன்று: மெஷினுக்குள் ஒவ்வோர் அசைவும் பதிவாகும் இ.ஜே. லாக், அந்த மெஷினில் மிச்சமிருந்த பணத்தை எண்ணிச் சரிபார்த்த கணக்கு, சிசிடிவி பதிவு. கணக்கைவிட மெஷினில் பணம் கூடுதலாக இருந்தால் அது யாருடைய பணம் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். வீடியோவை அழிக்காமல் வைத்திருக்கும்படியும் எழுதியிருந்தேன். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், அப்புறம் கேட்டுப் பயனில்லை.

அதற்கும் அதே "சக்சஸ்" பதில்தான். அடுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தின்படி, எந்த ஊர்க் கிளையாக இருந்தாலும் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். வங்கி மறுத்துவிட்டாலோ, 30 நாட்கள் பதிலே சொல்லாவிட்டாலோதான் இந்தக் கதவு திறக்கும். சீல் வாங்கிய நகல், ஸ்லிப் போட்டோ, எஸ்எம்எஸ், பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் ஏற்றினேன்.

தீர்ப்பு வரை போகவில்லை. மெஷினில் பணம் கூடுதலாக இருந்தது தெரியவந்ததாகச் சொல்லி, வங்கியே 10,000 ரூபாயைப் போட்டுவிட்டது. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று போனிலும் கேட்டார்கள். தாமதத்துக்கான இழப்பீடு வரவில்லையே என்றேன். சில நாட்களில் அதுவும் வந்தது.

இன்னொன்று பாக்கி இருந்தது. அந்த நடக்காத பரிவர்த்தனையையும் மாதத்தின் இலவச எண்ணிக்கையில் சேர்த்து, பின்னால் எடுத்த பணத்துக்குக் கட்டணம் பிடித்திருந்தார்கள். மெஷின் கோளாறால் தோற்றவை அந்த எண்ணிக்கையில் சேரக் கூடாது என்று 2019 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தச் சில்லறையையும் கேட்டபோது கவுன்ட்டரில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். ஆனால் கொடுத்துவிட்டார்கள்.