நீட்டுக்குப் படித்துக்கொண்டே டியூஷன் எடுத்த வருடம்

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலாவது மெடிக்கல் சீட் வந்துவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். முதல் முறை அதற்கும் மார்க் எட்டவில்லை. சரி, இன்னொரு வருடம் வீட்டிலிருந்தே படிப்பது என்று முடிவானது. கோச்சிங்குக்குக் கட்ட வழியில்லை, மாதிரித் தேர்வுகள் எழுதிப் பார்க்கிற டெஸ்ட் சீரிஸுக்கான பணமாவது தேறட்டும் என்று சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியில் சயின்ஸ் டியூஷன் ஆரம்பித்தேன்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எடுத்தால் நம் பாடத்தையே ரிவிஷன் செய்த மாதிரி ஆகுமே என்று பலரும் சொன்னார்கள். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டேன். பிளஸ் டூ என்றால் ரெக்கார்டு நோட்டு, ஸ்கூல் டெஸ்ட் என்று அவர்கள் பள்ளி இழுக்கிற பக்கமெல்லாம் நாமும் ஓட வேண்டும். பத்தாம் வகுப்பில் அந்தத் தொல்லை குறைவு. நீட்டுக்கு அடிப்படையான மோல் (துகள்களை எண்ணும் வேதியியல் அலகு), ஒளியியல், இரத்த ஓட்டம், நரம்பு மண்டலம், ஹார்மோன், மெண்டலின் மரபியல் எல்லாம் அந்தப் புத்தகத்திலேயே இருக்கின்றன. இரத்தம் உறிஞ்சும் அட்டைப் பூச்சியின் உடலமைப்பு மட்டும்தான் எனக்கு எதற்கும் உதவவில்லை. பிள்ளைகளுக்கு என்னவோ அதுதான் ரொம்பப் பிடித்தது.

நீட்டின் 720 மார்க்கில் உயிரியலுக்கு மட்டும் 360. அதில் டியூஷன் எனக்கு எப்படி உதவியது என்பதற்கு ஒரு கேள்வி போதும். இதயப் பாடம் நடத்தும்போது ஒரு பையன் கேட்டான்: "அக்கா, ரெண்டு வெண்ட்ரிக்கிளும் ஒரே அளவு ரத்தத்தைத்தான தள்ளுது? அப்புறம் ஏன் இடது பக்கச் சுவர் மட்டும் தடிப்பு?" நல்ல கேள்வி. வெண்ட்ரிக்கிள் என்பது ரத்தத்தை வெளியே தள்ளுகிற இதயத்தின் கீழ் அறை. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக மொத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். இந்தக் கணக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆனால் வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடது பக்கம் உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை தள்ள வேண்டும். அதற்கு அழுத்தம் அதிகம் வேண்டும், அந்த அழுத்தத்துக்குத்தான் தடித்த சுவர். இதை அவனுக்குப் புரியும்படி சொல்லி முடித்தபோது, தனித்தனியாக மனப்பாடம் செய்திருந்த எண்கள் எனக்கே ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டன.

மோல் கணக்கும் அப்படித்தான். 18 கிராம் தண்ணீர் ஒரு மோல் என்றால் 9 கிராம் எத்தனை, 90 கிராம் எத்தனை என்று பிள்ளைகளை வாயாலேயே சொல்ல வைத்தேன். கூடவே எனக்கும் பேப்பர் இல்லாமல் போடுகிற பழக்கம் வந்தது. 180 நிமிடத்தில் 180 கேள்வி, கால்குலேட்டரும் கிடையாது என்கிற தேர்வில் அது பெரிய விஷயம்.

டியூஷன் மாலை ஆறிலிருந்து ஏழரை வரை. ஞாயிறு லீவு, அன்றைக்கு எனக்கு மாதிரித் தேர்வு. நீட் மதியம் இரண்டு மணிக்கு என்பதால் நானும் இரண்டிலிருந்து ஐந்து வரைதான் எழுதுவேன். வேலூர் வெயிலில் சாப்பிட்ட மயக்கத்தோடு இயற்பியல் போட்டுப் பழகியவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். மாதம் 600 ரூபாய் ஃபீஸ். "அடுத்த வாரம் தரேன் கண்ணு" என்பவர்களிடம் என்னால் வாய் திறக்க முடியாது. அதனால் வசூலை அம்மாவிடம் விட்டுவிட்டேன். அதன் பிறகு யாரும் பாக்கி வைக்கவில்லை.

உண்மையான சிக்கல் காலண்டரில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில். நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. பிள்ளைகளுக்கு நாம் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் நமக்கும் மூச்சு விட நேரமிருக்காது. அதனால் ஜூனிலேயே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: ஜனவரிக்குள் பாடம் முடியும், பிப்ரவரியில் டெஸ்ட் மட்டும், மார்ச்சில் வகுப்பு இல்லை, ஞாயிறு காலையில் மட்டும் சந்தேகம் கேட்க வரலாம். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற ஒருவர், "இன்னாம்மா, பரீட்சை நேரத்துல போய் நிறுத்துறேன்றியே?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு மகனை வேறு இடத்தில் சேர்த்தார், நானும் தடுக்கவில்லை. மற்றவர்கள் கடைசி வரை இருந்தார்கள். டெஸ்ட் சீரிஸ் போக மிஞ்சிய பணத்தில்தான் நீட் விண்ணப்பக் கட்டணமும் கட்டினேன்.