யோனாவின் எரிச்சலும் அம்மாவின் வால் துண்டும்

வேதத்தில் வரும் யோனா தீர்க்கதரிசி என்றதும் எங்கள் சபையில் எல்லாருக்கும் மீன்தான் ஞாபகத்துக்கு வரும். ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் அந்தக் காலத்தில் ஒட்டியிருந்த படம் அப்படி. நீலக் கடல், வாயைப் பிளந்த திமிங்கலம், அதன் வயிற்றுக்குள் முழங்காலில் நிற்கும் ஒரு தாடிக்காரர். மொத்தம் 48 வசனங்கள் உள்ள புத்தகத்தில் மீன் தலைகாட்டுவது மூன்றே மூன்று வசனங்களில். மீதியெல்லாம் ஒரு மனுஷனின் பிடிவாதம். நினிவே என்ற ஊருக்குப் போய் எச்சரி என்று கடவுள் அனுப்ப, எதிர்ப்பக்கம் கப்பலேறி ஓடியவர்.

போதகர் ஊரில் இல்லாததால் புதன்கிழமை வேதபாடத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து பாலத்து நெரிசலில் ஊர்ந்து பட்டர்வொர்த் வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். வருகிறவர்களோ பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள், நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். படித்ததைவிடக் கேட்டே வேதம் தெரிந்தவர்கள். அவர்களிடம் பூசி மெழுக முடியாது. சின்னப் புத்தகமாக இருக்கட்டும் என்றுதான் யோனாவை எடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கன்வென்ஷன் மேடைகளில் யோனாவை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது எனக்கு அறவே பிடிக்காது. "ஊழியத்துக்குக் கூப்பிட்டால் ஓடாதே, ஓடினால் புயல் வரும், மீன் விழுங்கும்." கீழ்ப்படிதல் என்றால் இவ்வளவுதான் என்றால், யோனாவின் கதை மூன்றாம் அதிகாரத்திலேயே முடிந்திருக்க வேண்டும். அங்கேதான் அவர் சொன்ன பேச்சைக் கேட்டு நினிவேக்குப் போய்விட்டாரே! அதற்குப் பிறகும் எதற்கு ஒரு அதிகாரம்?

அவர் ஏன் ஓடினார் என்பதே அந்த நாலாம் அதிகாரத்தில்தான் வெளியே வருகிறது. இரண்டாம் வசனம். நீர் இரக்கமுள்ளவர், நீடிய சாந்தமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், ஊரில் இருக்கும்போதே இதைத்தான் சொன்னேன், அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்கிறார். பயந்து ஓடவில்லை. நினிவே கிழக்கே இருக்க, மேற்கே போகிற கப்பலுக்குச் சொந்தக் காசில் கூலி கொடுத்து ஏறியிருக்கிறார். கடவுள் மன்னித்துவிடுவார் என்று தெரிந்தே ஓடியவர்.

நினிவேக்காரர்கள் யார் என்று தெரிந்தால் அவர்மேல் கோபம் வராது. இன்றைய ஈராக்கில் மோசூல் நகரம் இருக்கிறதே, அதற்கு எதிரே டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த ஊர் அது. அசீரியர்களின் கோட்டை. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் லாகீசுப் பட்டணத்தைப் பிடித்தான். அந்த வெற்றியைக் கல்லில் செதுக்கி நினிவேயில் தன் அரண்மனைச் சுவரிலேயே பதித்துக்கொண்டான். அந்தக் கற்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். கழுவில் ஏற்றப்பட்ட மனிதர்கள். தரையில் கிடத்தித் தோல் உரிக்கப்படுகிறவர்கள். மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போகிற பெண்களும் பிள்ளைகளும். யோனா வாழ்ந்தது இதற்கு முன்னால், இஸ்ரவேலின் ராஜா இரண்டாம் யெரொபெயாம் காலத்தில். ஆனால் இந்தக் கதையை வழிவழியாகக் கேட்டவர்களுக்கு அசீரியன் என்றால் யார் என்று தெரியும். கி.மு. 722இல் சமாரியாவை விழுங்கி, இஸ்ரவேலின் வடதேசத்தையே இல்லாமல் ஆக்கியவர்கள். அவர்களிடம் போய் எச்சரி, திருந்தினால் விட்டுவிடுகிறேன் என்றால் யாருக்குத்தான் கால் எழும்பும்?

படம் கைமாறிக் கைமாறி அம்மாவிடம் வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "யோனா கேட்டதுல என்னா தப்பு?" என்றார்.

அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்பது அந்த அறையில் இருந்த பாதிப்பேருக்குத் தெரியும். எங்கள் மாதர் ஐக்கியம் சனிக்கிழமைகளில் தீவுப் பக்கம், ஆயர் ஈத்தாம் போகிற வழியில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறது. குழம்பு அம்மாவின் பொறுப்பு. அங்கே ஒருநாள், தட்டுகளை யாரோ "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுகிற குரலைக் கேட்டு அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். விடியுமுன்னே வேலையாட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் வாசித்த குரல். தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதியவர். ஆள் ஒடுங்கிப்போய், கண் பார்வை மங்கி, சக்கர நாற்காலியில்.

என் தாத்தா இறந்த சேதி வந்தபோது அம்மா பால்மரக்காட்டில் இருந்தார். மரப்பட்டையை வெட்டி முடித்துப் பால் சேர்க்க இன்னும் நேரம் இருந்தது. வாளியைப் பக்கத்து நிரைக்காரியிடம் விட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடினார். பால் நிறுக்க ஆள் வரவில்லை என்று கிராணி அன்றைக்கு உள்ள சம்பளத்தை முழுசாக வெட்டினார். அம்மா வெட்டிய மரத்துப் பால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது, கூலி மட்டும் வரவில்லை. கேட்கப் போன பாட்டியிடம் அவர் சொன்ன பதிலை நான் இங்கே எழுதப் போவதில்லை. தோட்டம் விற்கப்பட்டு அந்த இடம் வீட்டுத் தாமானாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அந்தப் பதில் ஒரு சொல் மறக்கவில்லை.

கிராணிக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. அவர் பேர் வாசித்தவர்கள் எத்தனையோ பேர்.

அம்மா போகாமல் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் குழம்பு வைக்கிறார், வேன் ஏறுகிறார், தட்டில் போடுகிறார். ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் சியாக்காப் மீனின் நடுத்துண்டு, கிராணிக்கு மட்டும் வால். தற்செயல் இல்லை. பாத்திரத்தின் ஓரமாக வாலை ஒதுக்கி வைத்திருப்பார், நான் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை.

யோனாவின் பிரசங்கமும் இப்படிப்பட்டதுதான். வேண்டா வெறுப்பாகப் பிள்ளையைப் பெற்றுக் காண்டாமிருகம் என்று பேர் வைத்த கதை. குறுக்கே நடக்க மூன்று நாள் பிடிக்கும் ஊரில் முதல் நாள் மட்டும் நடந்து, ஒரே ஒரு வரி சொல்கிறார்: இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும். மனந்திரும்புங்கள் என்று சொல்லவில்லை. இரக்கம் கிடைக்கும் என்று மூச்சுக்கூட விடவில்லை. கடவுள் பெயரே அந்த வரியில் இல்லை. அப்படியும் ஊர் முழுக்க உபவாசம். ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கிச் சாம்பலில் உட்காருகிறான், ஆடுமாடுகளுக்கும் துக்கத்துக்கு உடுத்தும் இரட்டுத் துணி போர்த்துகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் அந்த மாடுகளை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். காற்று, மீன், செடி, பூச்சி, நினிவேயின் மாடு எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. எபிரெயத் தீர்க்கதரிசி ஒருவர்தான் முரண்டு பிடிக்கிறார்.

கப்பல்காரர்களையும் அவசரத்தில் தாண்டிப் போய்விடக் கூடாது. வேறு தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். என்னைக் கடலில் போடுங்கள், புயல் அடங்கும் என்று யோனாவே சொன்ன பிறகும், கரை சேர்த்துவிடலாம் என்று தண்டு வலிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவனுக்காக. இரக்கத்தை அந்தப் புத்தகத்தில் முதலில் செய்துகாட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

மதியச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் என் மலாய்த் தோழியிடம் சொன்னேன். யோனா, நபி யூனுஸ் என்ற பெயரில், அவளுக்கும் சொந்தம். மீன் வயிற்றில் அவர் செய்த துஆவைக் கஷ்டம் வரும்போதெல்லாம் ஓதுவோம் என்றாள், கையை உயர்த்திச் சொல்லியும் காட்டினாள். மோசூலில் அவர் பெயரால் இருந்த பழைய பள்ளிவாசலை 2014 ஜூலையில் ஐஎஸ் ஆட்கள் வெடிவைத்துத் தகர்த்த செய்தி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. யூதர்கள் யோம் கிப்பூர் நாளின் பிற்பகலில், பாவமன்னிப்புக்காக நோன்பிருக்கும்போது, யோனா புத்தகம் முழுவதையும் வாசிக்கிறார்கள். நாம் மட்டும் இதை மீன் கதையாக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம்.

ஆமணக்குக்கு வந்தபோது அறையே கலகலத்துவிட்டது. யோனா ஊருக்கு வெளியே குடிசை போட்டு, நினிவேக்கு என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே ஒரு ஆமணக்குச் செடி நிழலாக எழும்புகிறது. மனுஷன் அந்தப் புத்தகத்தில் சந்தோஷப்படுவது அந்த ஓர் இடத்தில்தான். மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது பூச்சி அரித்து அது காய்ந்துபோகிறது. "லயத்துக்குப் பின்னால கால்வா ஓரம் நிக்குமே," என்று ஆரம்பித்தார் ஒரு பெரியம்மா. அம்மா தொடர்ந்தார்: கையளவு இலை அகல அகலமாக விரிந்திருக்கும், கறுப்புப் புழு ஏறினால் பொழுது விடிவதற்குள் நரம்பு மட்டும் குடைக்கம்பி மாதிரி நிற்கும், பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்ற விதை பொறுக்கப் போனால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பிறகு விளக்கெண்ணெய் குடிக்க மறுத்து யார் யார் எங்கே ஓடி ஒளிந்தார்கள் என்று பேச்சு போய்விட்டது. பாடத்துக்கு இழுத்துக்கொண்டு வருவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

அந்தச் செடிக்காக யோனா சாகவேண்டும் என்கிறார். நீ எரிச்சலாயிருப்பது நல்லதோ என்று கேட்டால், சாகும்வரை எரிச்சலாயிருப்பது நல்லதுதான் என்று எதிர்த்துப் பேசுகிறார். ஒரு ராஜாவிடம் இப்படிப் பேசினால் தலை இருக்காது. கடவுளோ புயல் அனுப்பவில்லை, மீனையும் அனுப்பவில்லை. நீ நட்டு வளர்க்காத செடிக்கு நீ இரங்குகிறாயே, வலதுகை இடதுகை தெரியாத 1,20,000 பேருக்கும் மிருகங்களுக்கும் நான் இரங்கக் கூடாதா என்று கேட்கிறார். புத்தகம் முடிந்தது. யோனா என்ன பதில் சொன்னார் என்று இல்லை. எனக்கு இதில் பெரிதாகப்படுவது நினிவே தப்பியது அல்ல. கோபக்காரனோடு வெயிலில் உட்கார்ந்து கடவுள் பேச்சை விடாமல் பேசிக்கொண்டிருப்பது. கீழ்ப்படிந்துவிட்டாய், வேலை முடிந்தது, போ என்று அவனை விட்டுவிடவில்லை.

அதனால்தான் ஒரு சகோதரி, "மன்னிச்சிடுங்கக்கா, ஆண்டவர் பாத்துக்குவார்" என்று அம்மாவின் தோளைத் தட்டியபோது எனக்குச் சுருக்கென்றது. வெட்டுப்பட்டது அந்தச் சகோதரியின் கூலி இல்லையே. கடவுளே கேள்வியோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் நாம் ஏன் பதிலை எடுத்துக்கொடுக்க வேண்டும்? நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை நானும் வேனில் போனேன். கிராணிக்கு வால் துண்டுதான். ஆனால் அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வாலில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளித் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, மீனைச் சோற்றோடு பிசைந்து அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தினார். என்னம்மா இது என்று ஜாடையில் கேட்டேன்.

"கண்ணு தெரியல அந்தாளுக்கு. தொண்டையில முள்ளு மாட்டினா ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டு ஓடறது?"

திரும்பி வரும்போது, பாலத்தின்மேல், அடுத்து என்ன புத்தகம் என்று கேட்டார். மீகா என்றேன். அதற்கு அடுத்தது? நாகூம். அவர் என்ன சொல்கிறார் என்றார். அதே நினிவேதான், அது அழியப்போவதைப் பாட்டாகவே பாடியிருக்கிறார், சொன்னபடி கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள் என்றேன். அதுவும் யோனா மாதிரி கேள்வியில்தான் முடியும், யாரைத்தான் நீ கொடுமை செய்யாமல் விட்டாய் என்று.

"எத்தனை அதிகாரம்?"

"மூணு."

"அப்ப மீகாவ அப்புறம் பாத்துக்கலாம்."