பங்குத்தந்தையை ஒப்படைக்கச் சென்ற பயணம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பொறுப்புக் குருவாக ஆறு ஆண்டுகள் எங்களோடு இருந்த பங்குத்தந்தைக்கு, மறைமாவட்டத் தலைவரான ஆயரிடமிருந்து மாற்றல் கடிதம் வந்திருக்கிறது என்பதை, ஞாயிறு வழிபாடாகிய திருப்பலி முடியும் வேளையில் வாசிக்கப்பட்ட அறிவிப்பின் வழியாகவே நாங்கள் அறிந்தோம். மறைக்கல்விப் பொறுப்பில் இருந்த அருட்சகோதரி தம் சபையின் வேறோர் இல்லத்துக்குச் செல்கிறார் என்றும், பங்கு அலுவலகத்தில் பதிவேடுகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த பெரியவர் ஓய்வு பெறுகிறார் என்றும், பாடகர் குழுவுக்குப் புதிய பொறுப்பாளர் வருகிறார் என்றும் அதே தாளில் இருந்தது. வாசித்து முடிக்க மூன்று நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. கோயிலுக்குள் யாரும் எழுந்து போகவில்லை. இறுதிப் பாடலை எவராலும் சரியாகப் பாடவும் முடியவில்லை.

பங்குத்தந்தையைப் புதிய பங்கில் கொண்டுபோய் விட்டுவர இரண்டு வண்டிகளில் புறப்பட்ட குழுவில், மறைக்கல்வி ஆசிரியர்களுள் ஒருத்தியாக நானும் சென்றேன். பெரிய திருத்தலங்களுக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஆயினும் எதையும் கேட்டுப் பெறுவதற்காக இல்லாமல், நம்மிடம் இருந்த ஒருவரை வேறொரு மக்களிடம் கொடுத்துவிட்டு வருவதற்காக ஒரு கோயிலுக்குப் போனது எனக்கு அதுவே முதல்முறை.

வண்டியில் செபமாலை முடிந்ததும், விவிலியத்தில் உள்ள திருத்தூதர் பணிகள் நூலின் 20ஆம் அதிகாரத்தை ஒருவர் வாசித்தார். எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்து நகருக்கு வரவழைத்துத் திருத்தூதர் பவுல் விடைபெறும் பகுதி அது. மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் கண்ணீரோடு அறிவுரை கூறியவர், இனி என் முகத்தை நீங்கள் பார்க்கப்போவதில்லை என்கிறார். அவர்கள் அவரைக் கட்டித் தழுவி அழுது, கப்பல் வரை சென்று வழியனுப்புகிறார்கள். அந்த மூப்பர்கள் அவரைத் தடுத்து நிறுத்தியதாக எங்கும் எழுதப்படவில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். மாற்றலை நிறுத்தும்படி ஆயருக்கு மனு எழுதலாம் என்று எங்களுள் சிலர் முதல் வாரத்தில் பேசியிருந்தோம். நானும் அதில் கையெழுத்திடச் சம்மதித்திருந்தேன். வாசகம் முடிந்தபின் வண்டியில் நெடுநேரம் யாரும் பேசவில்லை.

திருச்சபைச் சட்டம் இந்தப் பிரிவின் வலியை அறியாதது என்று சொல்லிவிட முடியாது. பங்குத்தந்தை தம் பணியில் நிலைத்திருக்க வேண்டும், ஆகவே அவர் காலவரையறையின்றி நியமிக்கப்பட வேண்டும் என்பதே அச்சட்டத்தின் 522ஆம் எண் கூறும் பொதுவிதி. ஆயர் பேரவை அனுமதி வழங்கியுள்ள இடங்களில் மட்டுமே குறிப்பிட்ட ஆண்டுகளுக்கென நியமிக்கலாம். 75 வயது நிறையும்போது அவர் தம் பதவி விலகலை ஆயரிடம் அளிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். கர்த்தரின் சொல்லைக் கேட்டு ஆபிராம் காரானைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கும் வயது 75 என்று விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் சொல்வதை, வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டே சென்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. மூடியிருந்த தலைவாயிலின் முன் ஆயர் நின்றார். கோயிலின் சாவியை எங்கள் சாமியின் கையில் கொடுத்தார். எத்தனையோ அதிகாலைகளில் எங்கள் கோயிலைத் திறந்த அதே கைகள் வேறொரு பூட்டில் தடுமாறியதைக் கண்டபோது, என் அருகில் நின்ற மூதாட்டி, "சாமி இனி இவங்களுக்குத்தான்" என்று மெல்லச் சொல்லிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். கதவு திறந்தது. நியமனக் கடிதம் மக்கள் முன் வாசிக்கப்பட்டது. மறையுரைக்குப் பிறகு, குருப்பட்டத்தின்போது தாம் அளித்த வாக்குறுதிகளை அவர் ஆயரின் முன் புதுப்பித்தார். பின்னர் நம்பிக்கை அறிக்கையைச் சொன்னார். சிறு குழந்தைகளுக்கு நாங்கள் மனப்பாடம் செய்விக்கும் அதே நம்பிக்கை அறிக்கையை, இத்தனை ஆண்டுகள் மறையுரை ஆற்றிய ஒருவர் முதன்முறை சொல்பவரைப் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னதை என்னால் மறக்க முடியாது.

அதன்பின் ஆயர் அவரைக் கோயிலுக்குள் ஒவ்வோர் இடமாக அழைத்துச் சென்றார். ஞானஸ்நானம் எனப்படும் திருமுழுக்குக்கான தொட்டியருகே சற்று நின்றார்கள். குரு பாவ அறிக்கை கேட்கும் ஒப்புரவு அருட்சாதனம் நடைபெறும் இருக்கையை ஆயர் சுட்டிக்காட்டியபோது, எங்கள் சாமி அதன் மரச்சட்டத்தில் கைவைத்துத் தலைகுனிந்தார். திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் வைக்கப்பட்டிருக்கும் நற்கருணைப் பேழையைத் திறந்து தூபம் காட்டி முழந்தாளிட்டபோதுதான் கோயில் முழுவதும் அமைதியானது. அந்தப் பேழையின் முன் அவருக்கு முன்பும் குருக்கள் முழந்தாளிட்டிருக்கிறார்கள்; அவர்கள் விட்டுச்சென்ற விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர் பாய்ச்சினார், கடவுளே விளையச் செய்தார்" என்று, தமக்குப்பின் அங்கே பணியாற்றிய அப்பொல்லோவைக் குறித்துக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை எத்தனை முறை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்தப் பேழையின் முன்னேதான்.

பலரும் அறியாத ஒரு கடமையையும் இங்கே சொல்ல வேண்டும். பங்கைப் பொறுப்பேற்ற நாளிலிருந்து, ஒவ்வொரு ஞாயிறும், திருப்பலியில் பங்கேற்பது கடமையான கடன் திருநாளும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களுக்காகப் பங்குத்தந்தை திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 534ஆம் எண் பணிக்கிறது. ஆறு ஆண்டுகள், ஏறத்தாழ முந்நூறு ஞாயிறுகள், நாங்கள் கேட்காமலேயே எங்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த முந்நூறில் எத்தனை ஞாயிறுகள் நான் தாமதமாக வந்தேன் என்று எண்ணியபோது மிகவும் வருந்தினேன்.

திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் எங்களை அமரச் செய்தார்கள். அங்கும் ஒருவர் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தார். பழைய திருமுழுக்குப் பதிவேடு ஒன்றை மேசைமீது விரித்துவைத்து, எதை எங்கே எழுத வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தார். அவருடைய அனுமதியோடு, பெயர்களைப் படிக்காமல், பக்கங்களை மட்டும் தள்ளி நின்று பார்த்தேன். சில பக்கங்கள் சாய்ந்த எழுத்தில், அடுத்தவை உருண்டை எழுத்தில், பிறகு நடுங்கும் எழுத்தில் இருந்தன. எழுத்து மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பங்குத்தந்தை விடைபெற்று இன்னொருவர் வந்திருக்கிறார். வரிகளுக்கிடையே வெற்றிடம் விடப்படவில்லை. முன்னவர் நிறுத்திய வரியின் அடுத்த வரியிலேயே பின்னவர் தொடங்கியிருக்கிறார்.

ஒருவருடைய உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனமும் திருமணமும் எங்கே நடந்தாலும், அவர் திருமுழுக்குப் பெற்ற கோயிலின் பதிவேட்டில் அக்குறிப்பு சேர்க்கப்பட வேண்டும். குருப்பட்டமும் அவ்வாறே பதிவுசெய்யப்படுகிறது. பங்குவிட்டுப் பங்கு அனுப்பப்படும் இந்த மனிதரின் பெயரும், அவர் குழந்தையாகத் தண்ணீர் ஊற்றப்பட்ட ஏதோ ஒரு கோயிலின் ஏட்டில் இடம் மாறாமல் இருக்கிறது என்று எண்ணியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

புறப்படும்முன் அவர் எங்கள் ஒவ்வொருவரின் தலையிலும் கைவைத்து ஆசி வழங்கினார். பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி, 1818இல் ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டு 1859இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றியதைச் சொல்லி, "சிலரை ஆண்டவர் ஓரிடத்தில் வைக்கிறார், சிலரை நடக்கச் சொல்கிறார். வருகிறவருக்காக இன்றே செபிக்கத் தொடங்குங்கள்" என்றார். திரும்பும் வழியில் முகம் அறியாத அந்தப் புதியவருக்காகச் செபமாலை சொன்னோம்.

அந்தப் புதியவர் அடுத்த வாரம் எங்கள் பங்கில் பொறுப்பேற்றார். இரண்டாம் ஞாயிறு ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தது. ஓய்வு பெற்ற பெரியவர் அன்று அலுவலகத்துக்கு வந்து, பதிவேட்டை எடுத்துக் கடைசி வரியைக் காட்டிவிட்டுச் சற்றே ஒதுங்கி நின்றார். புதிய பங்குத்தந்தை முந்தைய கையெழுத்தைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, அதற்கு நேர் கீழே குழந்தையின் பெயரை எழுதினார்.