ஷார்ட்ஸ்டாப் ஆஸி ஸ்மித்: ஏப்ரல் மாதக் குறிப்புகள்

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

1978ஆம் ஆண்டு இதே நாளில், சான் டியேகோ பேட்ரஸ் அணிக்காக ஆஸி ஸ்மித் என்னும் இருபத்து மூன்று வயது இளைஞர் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் தம் முதல் ஆட்டத்தை ஆடினார். செயின்ட் லூயிஸில் வாழும் எனக்கு அவர் பெயர் அன்றாடம் காதில் விழும் ஒன்று. இந்த ஊரின் பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. பந்தடித்துப் புகழ்பெற்றவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. பந்தைத் தடுத்தே புகழ்பெற்ற இவரைப் பற்றி இந்த மாதம் முழுவதும் எழுத எண்ணியிருக்கிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் பந்தைத் தட்டிவிட்டு ஓடாமலும் நிற்கலாம். பேஸ்பாலில் பந்து களத்துக்குள் விழுந்தால் அடித்தவர் ஓடியே ஆக வேண்டும். முதல் தளம் 90 அடி தொலைவில் இருக்கிறது; பெரும்பாலானவர்கள் நான்கரை நொடிக்குள் அங்கே சேர்ந்துவிடுவார்கள். அதற்குள் உட்களத் தடுப்பாளர் பந்தை எட்டி, பிடித்து, கையுறையிலிருந்து எடுத்து, முதல் தளத்தில் நிற்பவரிடம் எறிந்து முடித்திருக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு எறிதூரமும் அதிகம், வரும் பந்துகளும் அதிகம். அணியின் மிகத் தேர்ந்த கைகளை அந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள்.

2024 ஏப்ரல் 11, வியாழன்

அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் 1954 டிசம்பர் 26 அன்று பிறந்த ஸ்மித், ஆறு பிள்ளைகளில் இரண்டாமவர். அவருக்கு ஆறு வயதானபோது குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. 1965இல் அங்கே கலவரம் மூண்டபோது, துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சி அவர்கள் வீட்டில் எல்லோரும் தரையில் படுத்து உறங்கினார்கள்.

அந்தப் பருவத்தில் அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட பயிற்சிகள்தாம் என்னை மிகவும் ஈர்க்கின்றன. சிமெண்டுப் படிக்கட்டில் ரப்பர் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடிப்பார். ஒவ்வொரு முறையும் சற்று நெருங்கி நிற்பார். மல்லாந்து படுத்துப் பந்தை மேலே எறிந்து, கண்களை மூடியபடியே பிடிக்க முயல்வார். பிற்காலத்தில் இரசிகர்கள் அவரை ‘விசார்ட்’, அதாவது மந்திரவாதி, என்று அழைத்தார்கள். அன்போடு சூட்டிய பெயர்தான். ஆனாலும் அந்தப் படிக்கட்டில் கழிந்த மாலைகளை அது மறைத்துவிடுகிறதே என்னும் வருத்தம் எனக்கு உண்டு.

லாக் உயர்நிலைப் பள்ளி அணியில் அவரோடு ஆடியவர் எடி மரே. இருவருமே பின்னாளில் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் சென்றார்கள் என்றாலும், அப்போது மேஜர் லீக் தேர்வாளர்களின் கண் மரேயின் மீதுதான் இருந்தது. ஸ்மித் கால் பாலி பல்கலைக்கழகத்தில் படித்தார். அணிகள் புதிய ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், 1976இல் டெட்ராய்ட் அணி தேர்ந்தெடுத்தும் ஒப்பந்தமிடாமல், மறு ஆண்டு சான் டியேகோவின் நான்காம் சுற்றுத் தேர்வாக வந்தார்.

2024 ஏப்ரல் 16, செவ்வாய்

எங்கள் ஊர் அணியான கார்டினல்ஸின் முன்னாள் பயிற்சியாளர் வைட்டி ஹெர்ஸாக் நேற்று காலமானார், வயது 92. ஊரெங்கும் இதே பேச்சு. ஸ்மித்தை இந்த ஊருக்கு அழைத்து வந்தவர் அவர் என்பதால், வரிசையை மாற்றி இதை இன்றே எழுதுகிறேன்.

சான் டியேகோவில் ஸ்மித்துக்குச் சம்பளத் தகராறு ஓயவில்லை. 1980இல் அவருடைய முகவர், இந்த ஆட்டக்காரருக்குப் பகுதிநேர வேலை தேவை என்று நாளிதழில் விளம்பரமே கொடுத்தார். அணி உரிமையாளரின் மனைவி ஜோன் கிராக் தம் வீட்டில் தோட்டக்காரருக்கு உதவியாள் வேலை தருவதாகச் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்மித் 621 அசிஸ்ட்டுகளைச் சேர்த்திருந்தார். தடுத்தவரின் எறிதலால் எதிரணிக்காரர் ஆட்டமிழந்தால் அது ஓர் அசிஸ்ட். கிளென் ரைட் 1924இல் படைத்த 601 என்ற சாதனையை அது முறியடித்தது. இன்றுவரை எந்த ஷார்ட்ஸ்டாப்பும் ஒரே பருவத்தில் 621ஐ எட்டவில்லை.

ஹெர்ஸாக் அப்போது கார்டினல்ஸ் அணியின் பயிற்சியாளர். வீரர்களை வாங்கும் பொறுப்பும் அவர் கையில் இருந்தது. தம்மிடமிருந்த ஷார்ட்ஸ்டாப் கேரி டெம்பிள்டன் மட்டையில் ஸ்மித்தைவிடப் பன்மடங்கு வல்லவர். அவரைக் கொடுத்து, 1981இல் 0.222 சராசரியே (ஆயிரம் முறை ஆடினால் 222 முறை மட்டுமே அடித்துத் தளத்தை எட்டும் அளவு) வைத்திருந்த ஒருவரை வாங்க ஹெர்ஸாக் துணிந்தார். ஸ்மித்தின் ஒப்பந்தத்தில் அவருடைய சம்மதமின்றி மாற்றக் கூடாது என்ற விதி இருந்ததால், ஹெர்ஸாக் நேரில் சென்று பேசினார். ‘நீ ஷார்ட்ஸ்டாப்பில் நின்றால் நாங்கள் லீக்கை வெல்ல முடியும்’ என்பதே அவர் வாதத்தின் சாரம். 1982 பிப்ரவரியில் மாற்றம் முடிந்தது. அக்டோபரில் கார்டினல்ஸ் மில்வாக்கி அணியை ஏழு ஆட்டத் தொடரில் வென்று, இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரைக் கைப்பற்றியது.

எதிரணி எடுக்கவிடாமல் தடுத்த ஒரு ஓட்டமும் நாம் எடுத்த ஒரு ஓட்டமும் எடையில் ஒன்றே என்பதை அணிக் கணக்கிலேயே செயல்படுத்திக் காட்டியவர் ஹெர்ஸாக். மட்டையிலும் ஸ்மித்தை அவர் கைவிடவில்லை. உயரே தூக்கி அடித்தால் ஸ்மித் ஒரு டாலர் தர வேண்டும், தரையோடு அடித்தால் தாம் ஒரு டாலர் தருவேன் என்று பந்தயம் கட்டினார். வேகமாக ஓடக்கூடியவருக்குத் தரையில் உருளும் பந்தே இலாபம் என்பது அதன் பொருள். பருவ முடிவில் ஹெர்ஸாக்தான் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

2024 ஏப்ரல் 20, சனி

1978 ஏப்ரல் 20. இந்தக் காட்சியின் பதிவை இன்று மெதுவாக ஓடவிட்டுப் பலமுறை பார்த்தேன்.

மட்டை பிடித்தவர் அட்லாண்டாவின் ஜெஃப் பர்ரோஸ். முந்தைய பருவத்தில் 41 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி) அடித்தவர். அவர் அடித்த பந்து களத்தின் நடுவே, இரண்டாம் தளத்தை ஒட்டித் தரையோடு விரைகிறது. ஸ்மித் தம் இடப்பக்கம் ஓடிவந்து, கையுறையை நீட்டியபடி தளத்துக்குப் பின்னே பாய்கிறார். உடல் காற்றில் இருக்கும்போதே பந்து எதிர்பாராமல் துள்ளி, அவர் பாய்ந்த திசைக்கு எதிராக, அவருக்குப் பின்னால் போகிறது. கையுறை இனி பயன்படாது. அந்தக் கணத்தில் அவருடைய வலக்கை, வெறுங்கை, பின்னோக்கி நீண்டு பந்தைப் பற்றுகிறது. தரையில் விழுந்தவர் உடனே எழுந்து முதல் தளத்துக்கு எறிகிறார், பர்ரோஸ் ஆட்டமிழக்கிறார்.

மேஜர் லீக்கில் அவருக்கு அது இரண்டாம் வாரம். கண்ணை மூடிப் பந்து பிடித்துப் பழகிய சிறுவனின் கையே அது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிந்திக்க நேரமில்லாத இடத்தில் பழக்கம்தான் வேலை செய்ய முடியும்.

2024 ஏப்ரல் 24, புதன்

மட்டையைப் பற்றி. 1985 அக்டோபர் 14 அன்று, டாட்ஜர்ஸுக்கு எதிரான லீக் இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டம், ஒன்பதாம் இன்னிங்ஸ், 2-2 என்று சமநிலை. இருபுறமும் அடிக்கக்கூடிய ஸ்மித், டாம் நீடன்ஃபியூரின் பந்தை இடக்கைப்பக்க மட்டையால் அடித்து ஹோம் ரன் ஆக்கினார். இடப்புறம் நின்று அதற்கு முன் 3,009 முறை ஆடியும் அவர் ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை. ‘கோ கிரேஸி, ஃபோக்ஸ்’, அதாவது ‘துள்ளிக் கொண்டாடுங்கள், மக்களே’, என்று வானொலி வர்ணனையாளர் ஜாக் பக் கூவியதை இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதே குரலில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமான ஆண்டு 1987. அந்தப் பருவத்தில் ஒரு ஹோம் ரன்கூட இல்லாமல் 0.303 சராசரி, தம் அடிகளால் அணிக்கு வந்து சேர்ந்த 75 ஓட்டங்கள், கூடவே வழக்கமான தடுப்பாட்டம். கார்டினல்ஸ் லீக்கை வென்றது. மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதோ, 49 ஹோம் ரன் அடித்த ஆண்ட்ரே டாசனுக்குப் போனது. அவருடைய சிகாகோ கப்ஸ் தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது. ஸ்மித் இரண்டாமவர். டாசன் மாபெரும் ஆட்டக்காரர், ஐயமில்லை. ஆயினும் என் வாக்கு இருந்திருந்தால் ஸ்மித்துக்கே விழுந்திருக்கும். அடித்த 49ஐ எண்ணியவர்கள், அடிக்கவிடாமல் செய்ததை எண்ண ஒரு வழி தேடவில்லை.

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

1985 ஜூலையில் அவருடைய வலத் தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சையை மறுத்து, உடற்பயிற்சியால் தோளை வலுவாக்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருது ஆண்டுதோறும் அவருக்கே வந்தது: 1980 முதல் 1992 வரை தொடர்ந்து பதின்மூன்று. எறியும் கை பழுதானவருக்கு, பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணித்து நிற்பது இன்றியமையாததாகிவிட்டிருக்க வேண்டும். மந்திரவாதி என்ற பெயரைவிட மாணவர் என்ற பெயர் அவருக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இறுதிப் பருவமான 1996 கசப்பானது. புதிய பயிற்சியாளர் டோனி லரூசா இளைய ராய்ஸ் கிளேட்டனுக்குக் கூடுதல் வாய்ப்பளித்தார், 0.282 சராசரியில் அடித்தும் ஸ்மித் பாதி ஆட்டங்களில்தான் இறங்கினார். கிளேட்டன் இளைஞர், எதிர்காலம் அவருடையது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாற்பத்தோரு வயதில் தம் இடத்துக்கு உரிமை கோரியவரின் மனக்குறையும் நியாயமானதே. ஜூனில் ஓய்வை அறிவித்தார். 2,460 ஹிட்டுகள் (அடித்துத் தளத்தை எட்டியவை), 580 தளத் திருட்டுகள் (பந்து அடிபடாமலேயே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தவை), வெறும் 28 ஹோம் ரன்கள், ஷார்ட்ஸ்டாப்புகளில் எவரும் எட்டாத 8,375 அசிஸ்ட்டுகள். 2002இல் முதல் வாக்கெடுப்பிலேயே 91.7 விழுக்காடு பெற்று ஹால் ஆஃப் ஃபேம் சென்றார்.

லரூசா இருந்தவரை ஸ்மித் அணியைவிட்டு விலகியே இருந்தார். மைக் மதீனி பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற 2012இல், வசந்தகாலப் பயிற்சி முகாமுக்குச் சிறப்புப் பயிற்றுநராகத் திரும்பி வந்து, இளைய வீரர்களுக்குத் தடுப்பாட்டம் கற்றுக்கொடுத்தார்.