டிகோவன் தெரு வழியே சிகாகோ: ஒரு தெருவைப் பின்தொடர்ந்து படித்த அனுபவம்

சிகாகோவின் வரலாற்றைப் பொழுதுபோக்காகப் படிக்கத் தொடங்கியபோது, பொதுவான நூல்கள் அனைத்தும் ஒரே தடத்தில் செல்வதைக் கவனித்தேன். 1848இல் கால்வாய், 1871இல் பெருந்தீ, 1886இல் ஹேமார்க்கெட் குண்டுவெடிப்பு, 1893இல் உலகக் கண்காட்சி, 1900இல் ஆற்றின் போக்கைத் திருப்பிய பொறியியல் என்று அந்த வரிசை விரைவிலேயே மனப்பாடமாகிவிடும். ஆனால் அங்கே யார் எந்த வீட்டில், என்ன கூலிக்கு வாழ்ந்தார்கள் என்பது பிடிபடாது. எனவே நகரின் மையத்திற்குத் தென்மேற்கே உள்ள டிகோவன் தெரு என்ற சிறிய தெருவைத் தேர்ந்தெடுத்து, வீட்டிலிருந்தபடியே இலவசமாகக் கிடைக்கும் ஒவ்வொரு ஆவணத் தொகுப்பையும் அதன்மேல் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

1871 அக்டோபர் 8, ஞாயிறு இரவு ஒன்பது மணியளவில் பெருந்தீ தொடங்கியது இந்தத் தெருவில்தான், பாட்ரிக், கேத்தரின் ஓலியரி தம்பதியரின் மாட்டுக் கொட்டிலில். ஏறத்தாழ 300 பேர் இறந்து, ஒரு லட்சம் பேர் வீடிழந்த அந்தத் தீயைப் பற்றிப் படிக்க, சிகாகோ வரலாற்று அருங்காட்சியகமும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் இணைந்து 1996இல் உருவாக்கிய இணையத் தொகுப்பு நல்ல தொடக்கம். ஓலியரியின் மாடு விளக்கை உதைத்ததால் தீப்பிடித்தது என்ற பிரபலமான கதையைவிட, நீதிமன்றக் கோபுரத்தில் இருந்த காவலர் தீ எரியும் இடத்தைத் தவறாகக் கணித்து, தீயணைப்பு வண்டிகளை ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி அனுப்பியதும், முந்தைய இரவின் பெரிய தீயோடு போராடி வீரர்கள் களைத்திருந்ததும், நீரேற்று நிலையத்தின் கூரையே எரிந்து விழுந்து குழாய்கள் வறண்டதும் அங்கே முதன்மை பெறுகின்றன. விசாரணை ஆணையம் தீயின் காரணத்தை உறுதி செய்யவே இல்லை. இருந்தும் கேத்தரின் மீது ஒட்டிக்கொண்ட பழியை நகர மன்றம் தீர்மானம் போட்டு நீக்கியது 1997இல்தான். கொட்டில் வீட்டின் பின்புறம், வடக்கே இருந்தது. காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. அதனால் நகரின் மையப்பகுதி சாம்பலாக, ஓலியரியின் வீடு மட்டும் தப்பி நின்றது. இதைப் படத்தில் திசை குறித்துப் பார்த்தபோதுதான் உண்மையில் விளங்கியது.

அடுத்து, கதவு எண்கள். 1871இல் அந்த வீட்டின் எண் 137. இன்று அதே இடம் மேற்கு டிகோவன் தெரு 558. பழைய முறையில் மேற்குப் பகுதியின் எண்கள் ஆற்றிலிருந்து தொடங்கின. 1909 செப்டம்பர் முதல், ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனையைச் சுழியமாகக் கொண்டு, மைலுக்கு 800 எண்கள் என்ற கணக்கில் நகரம் முழுவதற்கும் புதிய எண் கொடுத்தார்கள். மையக் கடைவீதிப் பகுதி மட்டும் 1911இல் மாறியது. ஆகவே 558 என்றால் ஸ்டேட் தெருவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 0.7 மைல் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். கிழக்கு மேற்காகச் செல்லும் தெருக்களின் வடபக்கத்திற்கு இரட்டைப்படை எண் என்பது புதிய விதி. அதனால்தான் ஒற்றைப்படையான 137 இரட்டைப்படையானது. இந்த வேலையைத் தொடங்குபவர், 1909 ஆகஸ்டில் வெளியான எண் மாற்றப் புத்தகத்தின் வருடிய (ஸ்கேன் செய்த) பிரதியை முதலில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. அது இல்லாமல், 1909க்கு முந்தைய ஆவணத்தையும் பிந்தைய ஆவணத்தையும் ஒரே வீட்டோடு பொருத்த முடியாது.

வரைபடங்களில் எனக்கு மிகவும் உதவியவை சான்பார்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக வரைந்தவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவற்றைப் பெருமளவில் வருடி வைத்திருக்கிறது. ஓர் அங்குலத்திற்கு 50 அடி என்ற அளவில், செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பிலும் மரவீடு மஞ்சளிலும் கல் கட்டடம் நீலத்திலும் இருக்கும். எத்தனை மாடி, குடியிருப்பா கடையா என்பதெல்லாம் உள்ளே குறிக்கப்பட்டிருக்கும். காப்பீட்டு முகவருக்குத் தேவையான செய்தி, வரலாறு படிப்பவனுக்கும் அப்படியே பயன்படுகிறது. கட்டடம் மாறினால் புதிய தாள் துண்டை வெட்டிப் பழைய இடத்தின்மேல் ஒட்டித் திருத்துவார்கள் என்பதை நினைவில் வைத்தே இந்த வரைபடங்களைப் பார்க்க வேண்டும். அட்டையில் உள்ள ஆண்டும் ஒட்டுத் துண்டின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1886இல் வெளியான ராபின்சன் நிலப்பட நூலும் உண்டு, ஆனால் இவ்வளவு விவரம் அதில் இல்லை.

என் கணிப்பில், இந்தத் தெருவுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த ஆவணம் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் தங்கியிருந்தவர்கள் 1895இல் வெளியிட்ட வரைபடங்கள். ஹால்ஸ்டெட், ஸ்டேட், போல்க், பன்னிரண்டாம் தெரு ஆகிய நான்கு எல்லைகளுக்குள் அடங்கிய பகுதியை, அவர்களில் ஒருவரான ஃப்ளாரன்ஸ் கெல்லியின் தலைமையில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். ஒரு படம் வாரக் கூலியைக் காட்டுகிறது. மற்றொன்று குடியிருப்போர் எந்த நாட்டவர் என்பதை. டிகோவன் தெரு முழுவதும் இந்த எல்லைக்குள் வருகிறது. ஒரே மனையில் இரு நாட்டவர் இருந்தால், மனையின் நிறத்தையும் அந்த விகிதத்தில் பிரித்திருக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், 1871இல் அயர்லாந்துக்காரர்களும் செக் மக்களும் கலந்து வாழ்ந்த பகுதியில், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர்கள் எந்த அளவுக்குக் குடியேறிவிட்டார்கள் என்பது நிறங்களிலேயே தெரிகிறது.

அதே மக்களின் பேச்சைக் கேட்க நியூபெர்ரி நூலகத்தின் அயல்மொழிப் பத்திரிகைத் தொகுப்பு இருக்கிறது. 1930களில் அமெரிக்க அரசு நடத்திய வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ், சிகாகோவின் 22 சமூகத்தாருடைய பத்திரிகைகளிலிருந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தார்கள். செக் இதழ்களில் கோயில் கட்டும் செலவு, பள்ளிச் சண்டை, சங்கத் தேர்தல் எல்லாம் உண்டு. தேர்ந்தெடுத்தவர்களின் விருப்பு வெறுப்பும் அதில் இருக்கும் என்பதால் எதையும் ஒரே ஆதாரமாக நான் கொள்வதில்லை. சிகாகோ கலைக்களஞ்சியம் 2005 முதல் இணையத்தில் இருக்கிறது. பெயரோ ஆண்டோ சரிபார்க்க அதுவே போதும், தொடர்ந்து படிக்க ஏற்றதன்று.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்தே திறக்கப்படும். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளியாயின. 1890ஆம் ஆண்டின் தாள்களில் பெரும்பகுதி 1921இல் நடந்த தீ விபத்தில் நாசமாகிவிட்டதால், ஹல் ஹவுஸ் படத்தோடு ஒப்பிட நேரடித் துணை கிடையாது. 1900ஐத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தாளில், ஒவ்வொரு தாயும் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் உயிரோடிருப்பவர் எத்தனை என்று அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டாவது எண் சிறுத்துப்போன வரிகளைக் கடந்து செல்ல நேரம் பிடிக்கிறது.

இப்போது நில உரிமைப் பதிவுகளில் நிற்கிறேன். 1871இல் நீதிமன்றத்தோடு மாவட்டத்தின் பத்திரப் பதிவுகள் அனைத்தும் எரிந்துபோயின. மூன்று தனியார் நிறுவனங்கள் தங்கள் வில்லங்கக் குறிப்பேடுகளைத் தீயிலிருந்து காப்பாற்றி எடுத்துச் சென்றதால்தான் எந்த மனை யாருடையது என்று நிறுவ முடிந்தது. எரிந்த பதிவுகளுக்கென்று இல்லினாய் மாநிலம் 1872இல் தனிச் சட்டமும் இயற்றியது. ஓலியரி மனையில் இன்று இருப்பது தீயணைப்புப் பயிற்சிப் பள்ளி. வாசலில் ஈகான் வைனர் வடித்த வெண்கலச் சுடர் நிற்கிறது. தீக்கும் இந்தப் பள்ளிக்கும் இடையிலுள்ள தொண்ணூறு ஆண்டுகளில் அந்த மனை யார் யாரிடம் கைமாறியது என்பதை இணையத்திலிருந்து மட்டும் எடுக்க முடியவில்லை. மாவட்டப் பதிவகத்தின் மனைவாரிப் பேரேட்டை நேரில் பார்த்துப் படியெடுத்துத் தருவோருக்கான கட்டணத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.