மடிநோய்ப் பாலில் மரபணுச் சோதனை: காம்பிலிருந்து ஜெல் வரை

மடிநோய் வந்த மாட்டின் பாலில் எந்தக் கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்கு மசியாது என்பதை மரபணு வழியாகக் கண்டறிய நான்கைந்து நாள் ஆகும். அதில், தேடும் மரபணுவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் கருவி ஓடுவது இரண்டு மணி நேரம்தான். சோதனை கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, தொழுவத்திலும் வளர்ப்புத் தட்டிலும்தான். இங்கே சொல்வது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸைத் தேடும் வழி. கறக்கிற கை, துடைக்கிற துணி வழியாக மாட்டுக்கு மாடு தொற்றி, மடித்திசுவுக்குள் ஒளிந்துகொண்டு, ஊசி போட்ட பிறகும் திரும்ப வருகிற கிருமி இது.

எந்தக் காம்பு என்று தெரிந்துகொள்ள சிஎம்டி (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) தட்டு போதும். நான்கு குழியிலும் அந்தந்தக் காம்பின் பால் 2 மில்லி விட்டு, அதே அளவு கரைசல் சேர்த்துப் பத்து விநாடி சுழற்ற வேண்டும். கொழகொழவென்று திரண்டால் அது மாட்டின் வெள்ளணுக்கள் உடைந்து வெளிவந்த டிஎன்ஏ. கிருமியின் டிஎன்ஏ அல்ல. எனவே தட்டு காட்டுவது அழற்சியை மட்டும்தான். கிருமியின் பெயரை அது சொல்லாது.

பால் எடுக்கும் விதத்தில் நாங்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. மடி ஈரமாக இருந்தால் முதலில் உலர்த்த வேண்டும். சொட்டுகிற தண்ணீரோடு தோல் கிருமியும் குழாய்க்குள் இறங்கும். 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியை, பஞ்சில் அழுக்கு வராத வரை துடைக்க வேண்டும். துடைக்கும்போது நமக்குத் தொலைவில் உள்ள காம்பிலிருந்து தொடங்கி அருகே வர வேண்டும். பால் பிடிக்கும்போது அருகில் உள்ளதை முதலில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் துடைத்த காம்பில் முழங்கை உரசாது. முதல் மூன்று பீச்சலைத் தனியாக ஒரு கிண்ணத்தில் விட்டுவிட்டு, குழாயைச் சாய்த்துப் பிடித்து 3 முதல் 5 மில்லி எடுத்தால் போதும். குழாயை நிமிர்த்திப் பிடித்தால் மடியிலிருந்து உதிரும் முடியும் தூசியும் நேரே உள்ளே விழும். மூடியைக் கீழே வைக்கக் கூடாது. ஆண்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்த பால்தான் பயன்படும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கலாம். உறைவது இந்தக் கிருமியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஈ.கோலையைத் தேடுவதாக இருந்தால் உறைய வைக்காதீர்கள், எண்ணிக்கை குறைந்துவிடும்.

இந்தக் கிருமி பாலில் விட்டுவிட்டுத்தான் இறங்கும். ஒரே ஒரு சாம்பிள் எடுத்தால் தொற்றுள்ள காம்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று தப்பிவிடும். சந்தேகமான காம்பில் இரண்டு மூன்று முறை எடுப்பது வீண்வேலை அல்ல.

பாலிலிருந்தே நேராக டிஎன்ஏ எடுத்தால் நேரம் மிச்சமாகுமே என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு தடை. ஒன்று, பாலின் கொழுப்பும் புரதமும் கால்சியமும், பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் நொதியின் வேலையைக் கெடுக்கும். அந்த நொதிக்கு மெக்னீசியம் வேண்டும், கால்சியம் அதோடு போட்டி போடும். இரண்டாவதுதான் ஆபத்தானது. மெத்திசிலின் (பென்சிலின் வகை மருந்து) எதிர்ப்பைத் தரும் மெக்-ஏ மரபணு, காம்புத் தோலில் வாழும் வேறு ஸ்டெஃபைலோகாக்கஸ் இனங்களிலும் இருக்கும். பாலில் ஆரியஸும் இருந்து, தோல் கிருமியின் மெக்-ஏவும் இருந்தால், பெருக்கிய டிஎன்ஏவை நீளப்படி பிரித்துப் பட்டையாகக் காட்டும் ஜெல்லில் இரண்டு பட்டையும் தெரியும். எதிர்ப்பு இல்லாத கிருமிக்கு எதிர்ப்பு உள்ளதாக அறிக்கை போய்விடும். ஆகவே தனிக் காலனி (தட்டில் ஒரே கிருமியிலிருந்து வளர்ந்த கூட்டம்) எடுத்த பிறகே மரபணு.

5 சதவீத ஆட்டு ரத்தம் சேர்த்த அகார் வளர்ப்புத் தட்டில் 10 மைக்ரோலிட்டர் பாலைத் தேய்த்து 37 டிகிரியில் வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஒரு பார்வை, 48இல் மறு பார்வை. இந்த அளவில் ஒரு காலனி என்றால் மில்லிக்கு 100 கிருமி. மூன்று வகையோ அதற்கு மேலோ காலனி வந்தால் அது தொழுவ அழுக்கு. மறுபடி பால் எடுப்பதைத் தவிர வழியில்லை. காலனியைச் சுற்றித் தெளிவான வளையமும், அதற்கு வெளியே மங்கலான வளையமும் தெரிந்தால் ஆரியஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை வேறு தட்டில் தேய்த்துத் தூய்மையாக்கி, முயல் பிளாஸ்மாவில் உறைகிறதா என்று 4 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் பார்க்கிறோம். கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடை நுரைக்க வைக்கும் நொதி) சோதனைக்கு ரத்த அகாரிலிருந்து காலனியைச் சுரண்டும்போது கவனம் தேவை: சிவப்பணுவிலேயே கேட்டலேஸ் உண்டு, பொய்யாக நுரைக்கும்.

டிஎன்ஏ எடுப்பதுதான் புதிதாக வருகிறவர்களை அதிகம் தடுக்கி விழ வைக்கிற இடம். ஈ.கோலையைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் டிஎன்ஏ வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஆரியஸையும் கொதிக்க வைத்துவிட்டுப் பட்டை வரவில்லை என்று பிரைமரை (தேடும் மரபணுவில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) குறை சொல்வார்கள். இதன் செல்சுவர் தடிமனானது. லைசோசைமும் பயன்படாது, சுவரில் உள்ள அசிட்டைல் குழுக்கள் அதைத் தடுத்துவிடும். சுவரின் கிளைசீன் பாலங்களை வெட்டும் லைசோஸ்டாபின்தான் வேண்டும். இரவு முழுக்கத் திரவ ஊடகத்தில் வளர்ந்ததில் 1.5 மில்லியைச் சுழற்றி அடியில் தங்கும் செல்களை 180 மைக்ரோலிட்டர் டிஇ (டிஎன்ஏவைக் காக்கும்) கரைசலில் கலக்க வேண்டும். மில்லிக்கு 1 மில்லிகிராம் செறிவுள்ள லைசோஸ்டாபின் 20 மைக்ரோலிட்டர் சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம். கலங்கல் தெளிந்து பிசுபிசுப்பானால் சுவர் உடைந்துவிட்டது. தெளியாவிட்டால் மேலே போகாதீர்கள். லைசோஸ்டாபின் பலமுறை உருகி உறைந்து செத்திருக்கும். அடுத்து, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே சேர்த்து 56 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 95 டிகிரியில் 10 நிமிடம். இந்தக் கடைசிச் சூட்டைக் குறைத்தால் மிஞ்சிய புரோட்டினேஸ் பிசிஆரில் டாக்கைத் தின்றுவிடும். ரத்த அகார்க் காலனியை நேரே போடுவதும் தவறு, ரத்தத்தில் உள்ள ஹீம் பிசிஆரைத் தடுக்கும்.

பிசிஆர் கலவை ஒரு குழாய்க்கு 25 மைக்ரோலிட்டர்: மாஸ்டர் மிக்ஸ் (டாக் நொதி சேர்ந்த தயார்க் கலவை) 12.5, இரண்டு பிரைமரும் தலா 1, டிஎன்ஏ 2, தண்ணீர் 8.5. கிருமியை உறுதிசெய்ய நக் மரபணு, எதிர்ப்புக்கு மெக்-ஏ, பென்சிலினைச் சிதைக்கும் நொதிக்கு பிளா-இசட். ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாடு மூன்று: மெக்-ஏ உள்ளதற்கு ஏடிசிசி சேமிப்பகத்தின் 43300 கிருமி, மெக்-ஏ இல்லாததற்கு ஏடிசிசி 25923, டிஎன்ஏ இல்லாத தண்ணீர்க் குழாய் ஒன்று. தண்ணீரில் பட்டை வந்தால் அன்றைய ஓட்டம் முழுவதையும் தள்ளிவிட வேண்டும். ஜெல் ஓட்டும் மேசையில் கலவை தயாரித்தால் இது நடந்தே தீரும். பெருக்கிய டிஎன்ஏ காற்றில் பறந்து பிப்பெட்டில் உட்கார்ந்திருக்கும். எதிலும் பட்டை இல்லை, கட்டுப்பாட்டில் மட்டும் வந்தது என்றால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். தடுக்கும் பொருளும் அதோடு நீர்த்துவிடுவதால் பட்டை வந்துவிடுவது உண்டு.

மெக்-ஏ பட்டை இல்லை என்பதை மட்டும் நம்பி அறிக்கை எழுதக் கூடாது. 2011இல் இங்கிலாந்துப் பசுக்களின் பாலிலிருந்து எடுத்த ஆரியஸில் மெக்-சி என்ற உறவு மரபணு கண்டறியப்பட்டது. மெக்-ஏவோடு அதன் ஒற்றுமை சுமார் 70 சதவீதம்தான். வழக்கமான மெக்-ஏ பிரைமர் அதில் ஒட்டாது. தட்டில் எதிர்ப்பு, ஜெல்லில் வெறுமை. அதனால் பிசிஆரோடு 30 மைக்ரோகிராம் செஃபாக்சிட்டின் மருந்து வில்லையும் கிருமி தேய்த்த தட்டில் கட்டாயம் வைக்கிறோம். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 21 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் எதிர்ப்பு; அப்போது மெக்-சிக்கும் பிரைமர் போட வேண்டும். மெக்-ஏவோ மெக்-சியோ இருக்கும் கிருமிக்கு மடிக்குள் ஏற்றும் குளோக்சசிலின் டியூப் பணத்துக்கும் பாலுக்கும் கேடு.

பென்சிலின் வில்லையில் வளையத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்ப்பது போல உற்றுப் பார்க்க வேண்டும். விளிம்பு செங்குத்தாக வெட்டியது போல இருந்தால், வளையம் பெரிதாக இருந்தாலும் பிளா-இசட் இருக்கும். மெல்லக் கரைந்து மறைந்தால் பெரும்பாலும் இருக்காது.

பண்ணையில் பல மாட்டுக்கு ஒரே நேரத்தில் வந்தால் எல்லாம் ஒரே கிளைதானா (ஒரே மூலக் கிருமியின் வழிவந்தவையா) என்பது அடுத்த கேள்வி. பிளாஸ்மாவை உறைய வைக்கும் கோயாகுலேஸ் புரதத்தின் மரபணுவில் 81 டிஎன்ஏ எழுத்துக் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது கிளைக்குக் கிளை மாறுவதால் பட்டையின் நீளமும் மாறும். நீளம் வேறு என்றால் பெரும்பாலும் வேறு கிளை. நீளம் ஒன்று என்பதால் ஒரே கிளை என்று சொல்லிவிட முடியாது. இந்த வேறுபாடு பண்ணைக்கு உதவும். சுவிட்சர்லாந்தில் ஆரியஸின் பி மரபுவகை மந்தை முழுக்கப் பரவுவதையும், மற்ற வகைகள் ஒன்றிரண்டு மாடுகளோடு நின்றுவிடுவதையும் கண்டார்கள். டிசினோ மாநிலத்தில் பி வகையை மட்டும் குறிவைத்து ஒழிப்பு வேலை நடத்தினார்கள். பரவுகிற வகையென்றால் அந்த மாடுகளைக் கடைசியில் கறக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி, கறந்த பின் காம்பு முக்கும் மருந்து.

முடிவு எழுதியதும் தட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு காலனியையும் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறோம். மெக்-சி தெரியவந்ததும் டென்மார்க்கில் பழைய சேமிப்புகளைத் திறந்து பார்த்தபோது 1975ஆம் ஆண்டுக் கிருமியிலேயே அது இருந்தது. குழாயின் மேல் மாட்டு எண், எந்தக் காம்பு, தேதி மூன்றையும் ஆல்கஹாலில் அழியாத பேனாவால் எழுதுங்கள்.