ஆறே ஆறு வாக்கு

2020-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு நடந்த தேர்தல்; அயோவா மாநிலம், 2-வது தொகுதி. பதிவானது ஏறக்குறைய 3,94,000 வாக்குகள். குடியரசுக் கட்சியின் மரியானெட் மில்லர்-மீக்ஸ் 1,96,964. ஜனநாயகக் கட்சியின் ரீட்டா ஹார்ட் 1,96,958. வித்தியாசம் ஆறு!

தேர்தல் இரவு முடிந்தும் முன்னிலை இருபக்கமும் ஊசலாடியது. ஜாஸ்பர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) ஒரு வாக்குச்சாவடியின் எண்ணைத் தவறாக ஏற்றிவிட்டார்கள்; லூகாஸ் கவுண்டியிலும் ஒரு சாவடிக் கணக்கில் பிழை. இரண்டையும் சரிசெய்தபின் மில்லர்-மீக்ஸ் 47 முன்னிலை. மறுஎண்ணிக்கையில் அது ஆறாகச் சுருங்கியது.

மறுஎண்ணிக்கைதான் கவனிக்க வேண்டிய இடம். கவுண்டிக்கு மூன்று பேர் குழு: வேட்பாளருக்கு ஒருவர், இருவரும் ஏற்கும் மூன்றாமவர். 24 கவுண்டிகளில் சில கையால் எண்ணின, சில இயந்திரத்தையே நம்பின. ஒரே தொகுதிக்குள் இரண்டு அளவுகோல் என்பது பெரிய குறை என்பேன்.

முடிவை எதிர்த்து வழக்குப் போட்டால் மாநில நீதிமன்றக் குழு டிசம்பர் 8-க்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அவகாசம் போதாதென்று ஹார்ட் நேரே பிரதிநிதிகள் சபைக்குப் போனார். எண்ணப்படாத 22 வாக்குச்சீட்டுகள் செல்லும் என்பது அவர் வாதம். மில்லர்-மீக்ஸ் தற்காலிகமாகப் பதவியேற்றார். 2021 மார்ச் 31-ல் ஹார்ட் மனுவைத் திரும்பப் பெற்றார்.

மில்லர்-மீக்ஸ் கண் மருத்துவர், முன்னாள் ராணுவத்தினர். 2008, 2010, 2014 என மூன்று தோல்விகளுக்குப் பின் வந்தவர். 2021 ஜனவரி 6-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கலவரத்தை விசாரிக்க ஆணையம் அமைக்க வாக்களித்த 35 குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர். முதல் ஆண்டிலேயே அப்படி வாக்களிக்கத் துணிவு வேண்டும்.